திறக்காத உறைக்குப் பத்து நாள்

என் மகளுக்கு எதைக் கண்டும் பயமில்லை என்று நீதிமன்றத்தில் சொல்வார்களாம். நீதிபதி குரலை உயர்த்தினால் இவள் குரலைத் தாழ்த்துவாளாம். எதிர்த்தரப்பு வக்கீல் மேசையைத் தட்டினால், தட்டி முடிக்கும்வரை காத்திருந்து, "முடிஞ்சுதா சார்?" என்று கேட்பாளாம். சொல்லட்டும். பெற்றவள் நான் சொல்கிறேன், அவளுக்குப் பயம் உண்டு. ஒட்டிய உறையைக் கண்டால் பயம்.

பள்ளிக்கூடத்துக் காலத்திலேயே அப்படித்தான். மதிப்பெண் அட்டையை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். மற்ற பிள்ளைகள் தெருமுனையிலேயே கிழித்துப் பார்த்துவிடும். இவள் வீட்டுக்குக் கொண்டுவந்து மெத்தைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே மூன்று நாள் படுத்து உறங்குவாள். பிறகு எடுத்துப் பார்த்தால் வகுப்பில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்திருப்பாள்.

"நல்ல மார்க்குக்கு எதுக்குடி இந்தப் பயம்?" என்று கேட்டால், "திறக்கிறவரைக்கும் அது நல்ல மார்க்குன்னு தெரியாதேம்மா" என்பாள். இது வக்கீலாகத்தான் போகும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவள் அப்பாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உறை வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. அவரோ படுத்த படுக்கை. மூத்த மகன் வெளியூரில். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அலமாரியின் மேல் அந்த உறை நாலு நாள் இருந்தது. நான் தினமும் தூசி தட்டினேன். உறையைத் தூக்கி, அடியில் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் அவள் திறந்தாள். அவர் போய்ச்சேர்ந்த பிறகு, அந்த நாலு நாளால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் நல்ல மனிதர். அப்படித்தான் சொல்வார்.

இப்போது நீதிமன்றத்திலிருந்து காகிதத்தில் எதுவும் வருவதில்லை. எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுக்கு அலுவலகம். ஒரு மேசை, ஒரு லேப்டாப், பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. அதில் ஒன்று ஆடும், அதில் நான் யாரையும் உட்கார விடமாட்டேன். வழக்குப் போடுவது, பதில் போடுவது எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். நீதிமன்றத்துக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு பெட்டி. நீதிமன்றம் சொல்வதெல்லாம் அந்தப் பெட்டியில் ஒட்டிய உறைபோல வந்து விழும், மேலே எந்த வழக்கு என்று மட்டும் தெரியும். விழும்போது போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் என் மகளின் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை தட்டிலேயே நின்றுவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. வந்த அறிவிப்பைத் திறந்தால் அந்த நிமிடம் அது உன் கையில் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு. பதில் சொல்ல வேண்டிய நாட்கள் அப்போதிருந்து ஓட ஆரம்பிக்கும். திறக்காமல் விட்டால் பத்து நாள் வரைக்கும் சும்மா இருக்கும். பத்தாம் நாள் தானாகவே கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் வக்கீல்கள் பலர் திறப்பதில்லை. பத்து நாள் கூடுதலாகக் கிடைக்கிறதே! என் மகள் அதை 'ஊறப்போடுவது' என்பாள்.

"எல்லா வக்கீலும் இதைத்தாம்மா செய்றாங்க. இது தந்திரம்" என்பாள்.

மற்றவர்களுக்கு அது தந்திரம். இவளுக்கு மெத்தைக்கு அடியில் வைக்கிற வேலைதான். சட்டமே என் மகளின் பயத்துக்கு ஒரு தனி அறை கட்டிக் கொடுத்துவிட்டது.

எங்கள் தெருமுனையில் நிற்கும் பச்சை பஸ்ஸை ஓட்டுகிறவள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். என் மகள் தினமும் அந்த பஸ்ஸில்தான் நீதிமன்றம் போவாள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் வழக்கு இவளிடம் வந்தது. புருஷன் பிரிந்து போய் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவன், இப்போது மகளைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். குழந்தைக்கு ஆறு வயது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் அம்மாவின் பஸ்ஸிலேயே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் முழுக்க ஓட்டுநர் தினமும் போன் செய்தாள். என் காதில் விழும்.

"வக்கீலம்மா, ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் வரலைம்மா. வந்தா நானே கூப்பிடுறேன்."

போனை வைத்ததும் என் மகள் நகத்தைக் கடிப்பாள். வரவில்லை என்றால் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று வியாழக்கிழமை, அவளுக்கு நீதிமன்றம் போகிற வேலை இல்லை. சாப்பாடு முடிந்து, நான் டீ கொண்டுபோனேன். வேறொரு வழக்குக்கு ஏதோ அனுப்புவதற்காக அவள் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் வரிசையாகச் சின்னச் சின்ன உறைகள். எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். டீயை வைக்கும்போது பார்த்தேன்.

"ஏண்டி, மூணாவது உறை மட்டும் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கே?"

"எதும்மா?"

"மேலேர்ந்து மூணாவது. அதுக்கு மேல ரெண்டும் மூடியிருக்கு."

"வேலை நேரத்துல நொய்நொய்ங்காதம்மா. அது மூணும் ஊறப்போட்டது. நான் எதையும் தொடவே இல்லை."

"நீ தொட்டியோ இல்லையோ, அது திறந்திருக்கு."

"அம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்க எனக்குப் படிப்பு எதுக்குடி?"

அவள் எரிச்சலோடு என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை. நகரச் சொன்னால் நகருகிற ஆள் நான் இல்லை. வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மவுஸை நகர்த்தி அம்புக்குறியை அந்த உறையின் மேல் வைத்தாள். சின்னதாக ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும் அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"என்னடி?"

"போன வியாழக்கிழமை. காலையில எட்டு பன்னிரண்டு. திறந்திருக்குன்னு போட்டிருக்கும்மா."

"யார் திறந்தது?"

அவள் தன் வலது கையின் கட்டைவிரலைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். டிங் என்று வந்திருக்கிறது. கண்ணில் படக் கூடாது என்று கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளியிருக்கிறாள். பஸ் குலுங்கியிருக்கிறது. தள்ள நினைத்தவள் தொட்டுவிட்டாள். தொட்டதும் திறந்துவிட்டது. இவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்திருக்கிறாள். அந்த பஸ்ஸை ஓட்டியவள் யார் என்று நான் கேட்கத் தேவையில்லை.

"உள்ளே என்ன இருக்குன்னு பாரு" என்றேன்.

"ஒரு நிமிஷம்மா."

"பாருடி!"

பார்த்தாள். வாய்க்குள்ளேயே படித்துவிட்டு எனக்குச் சொன்னாள். அப்பன்காரன் கேட்டபடி உத்தரவு. ஏழு நாளுக்குள் தாய் ஆட்சேபம் பதிவு செய்யாவிட்டால், எட்டாம் நாள் காலை பத்து மணிக்குக் குழந்தையைப் பாஸ்போர்ட்டோடு நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். போன வியாழனிலிருந்து ஏழு நாள் என்றால் இன்று. அந்த இணையதளத்தில் பதிவு செய்யும் வாசல் ஐந்து மணிக்கு மூடிவிடும். முள்ளை வைத்து எனக்கு மணி தெரியும், சுவர்க்கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

என் மகள் லேப்டாப்பை மூடினாள். படாரென்று மூடவில்லை, குழந்தையின் கண்ணை மூடுவதுபோல மெதுவாக மூடினாள். மூடிவிட்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூடினா போயிடுமா?"

"எனக்கு ஒரு நிமிஷம் குடும்மா."

"அப்பாவோட கடுதாசிக்கும் இப்படித்தான் நாலு நாள் கேட்டே."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

"நான் கேட்டேன். நீ என்ன செஞ்சே? பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்திருந்தா அவங்க படிச்சிருப்பாங்கல்ல? தெனமும் தூக்கித் தூக்கித் துடைச்சு வச்சியே, ஏம்மா?"

இருபது வருடமாக இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. பதில் எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனால் அதைச் சொல்ல அன்று நேரமில்லை.

"அதை அப்புறம் பேசலாம். இப்போ லேப்டாப்பைத் திற. நீ திறக்கலைன்னா நான் திறப்பேன். எனக்கு எது எங்கே இருக்குன்னு தெரியாது. கண்டதையும் தொடுவேன்."

இது வேலை செய்தது. திறந்தாள்.

அதற்குப் பிறகு தட்டச்சுச் சத்தம்தான். நான் டீயைச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். அதுவும் ஆறிப்போனது. நடுவில் ஓட்டுநருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வண்டி ஓட்டும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அது அவர்கள் விதி. ஆட்சேபத்தின் கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதில் ஓட்டுநரே பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் ஸ்கேன் செய்து ஏற்ற முடியும்.

மூன்று பத்து ஆனபோது பிரிண்டர் மூன்று தாள்களைத் துப்பியது.

"பச்சை பஸ் மூணு இருபதுக்கு நம்ம முனைக்கு வரும்" என்றேன். "நான் போறேன்."

"நீ எப்படிம்மா? எங்கே கையெழுத்துன்னு..."

"பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் கொடு."

போட்டுக் கொடுத்தாள். அவளுடைய பைலுக்குள் தாள்களை வைத்து, ஒரு பேனாவுக்கு இரண்டு பேனாவாக எடுத்துக்கொண்டு நடந்தேன். ஓட முடியாது, முழங்கால் விடாது. ஆனாலும் அன்று அது என்னிடம் எதுவும் பேசவில்லை. முனையில் நின்றபோது எனக்கு ஒரே பயம். இன்று வேறு யாராவது ஓட்டினால்? வண்டி வழியில் நின்றுபோனால்? பஸ் எண் எனக்குப் படிக்க வராது. அவள் பஸ்ஸின் இடது முன்விளக்கில் விரிசல் விழுந்திருக்கும், அதுதான் எனக்கு அடையாளம். ஒரு பச்சை பஸ் வந்தது. இரண்டு விளக்கும் நன்றாக இருந்தன. போய்விட்டது. அடுத்தது வந்தது. விரிசல் இருந்தது.

முன்கதவு வழியே ஏறி, ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"என்னம்மா, எங்கே இவ்வளவு தூரம்?" என்று சிரித்தாள்.

"வண்டியை எடுக்காதே. மூணு கையெழுத்து. பெருக்கல் குறி போட்ட இடத்துல."

அவள் சிரிப்பு நின்றது. தாள்களை வாங்கி ஸ்டியரிங் மேல் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "பாட்டி, ஆட்டோகிராஃப் வாங்கணும்னா டெப்போவுல போய் வாங்குங்க! எங்களுக்கு வேலை இருக்கு!"

"உங்க வேலை ரெண்டு நிமிஷம் பொறுக்கும். பொறுக்கலைன்னா இறங்கி நடங்க, உடம்புக்கு நல்லது" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள்.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

"அம்மா. இது போன வியாழக்கிழமையே வந்துச்சா?"

நான் பேனாவை நீட்டினேன்.

"நேத்துகூடக் கேட்டேனே. வரலைன்னு சொன்னாங்களே."

என் மகளைக் காப்பாற்ற எனக்கு ஆயிரம் பொய் வரும். பெற்றவளுக்கு அது ஒரு வேலையா? இணையம் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருக்கைக்குப் பின்னால் வாலு உட்கார்ந்திருந்தது. புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

"வந்துச்சு. திறக்கப் பயந்துட்டா. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இது போகலைன்னா நாளைக்குக் காலையில பிள்ளையைக் கொடுக்கணும். இப்போ கையெழுத்துப் போடு. திட்டுறதை அப்புறம் வந்து திட்டு, நான் கதவைத் திறந்து வைக்கிறேன்."

அவள் பேனாவை வாங்கினாள். முதல் கையெழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. இரண்டாவது. மூன்றாவது. பின்னாலிருந்து ஹாரன்மேல் ஹாரன்.

"பாட்டி, அது பரீட்சைப் பேப்பரா? அம்மா பாஸா?" என்று வாலு கேட்டது.

"பாஸாகிடுவா கண்ணு" என்றேன். ஓட்டுநர் என்னைப் பார்க்காமலே தாள்களை நீட்டினாள். இறங்கினேன். கதவு மூடியது. அந்தக் கண்ணாடிக்குள் அவள் முகம் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தபோது நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ஸ்கேன் செய்தாள். ஏற்றினாள். கோப்பு பெரிது, வாங்க மாட்டேன் என்றது அந்த இணையதளம். சுருக்கினாள். சுருக்கினால் கையெழுத்து மங்கல், அதுவும் கூடாது. மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் சுற்றும்.

கடைசியாக என் மகளின் கையெழுத்து, லேப்டாப்பிலேயே போடுவது. அதற்கு ஒரு சின்னக் குச்சி இருக்கிறது, லேப்டாப்பின் ஓரத்தில் செருகி, ஆறு எண் தட்ட வேண்டும். தட்டினாள். சிவப்பு வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

"இன்னும் ஒரு தடவைதாம்மா. மூணாவதும் தப்பானா பூட்டிக்கும். திறக்க ரெண்டு நாள் ஆகும்."

"எண் தெரியும்ல?"

"தெரியும். விரல்தான் கேக்க மாட்டேங்குது."

"எழுந்திரு. போய் முகத்தைக் கழுவு."

"மணி நாலு நாப்பத்தஞ்சும்மா!"

"கழுவுடி."

போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. முன்னறையில் நான் தனியாக அந்தத் திரையின் முன்னால் நின்றேன். ஓர் எட்டு வினாடி இருக்கும். அலமாரியின் முன்னால் துணியோடு நின்ற அதே நிலைதான்.

ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். ஆறாவது எண்ணைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறடி. பச்சையா இருக்கு."

ரசீது வந்தபோது நாலு ஐம்பத்தாறு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லையாம். வந்து சேர்ந்தது வேறு, பதிவாளர் பார்த்து ஏற்றுக்கொள்வது வேறு. அது காலையில்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு ஓட்டுநர் வந்தாள். சீருடை இல்லை. வாலுவுக்குப் புது உடுப்பு போட்டு, தலை வாரி, அதன் துணிமணி வைத்துக் கட்டிய ஒரு சின்னப் பெட்டியும் கையில் வைத்திருந்தாள். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மகள் ஆடுகிற நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை.

"உங்க பஸ்லதான் திறந்தேன்" என்றாள் என் மகள். "தெரியாம. அதுக்கப்புறம் ஏழு நாள் உங்ககிட்ட பொய் சொன்னேன். அது தெரிஞ்சேதான்."

"தெனமும் உங்களை இறக்கிவிட்டுட்டு, இவங்க பாத்துப்பாங்கன்னு நினைச்சுத்தான் வண்டியை எடுப்பேன்" என்றாள் ஓட்டுநர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது ஐந்துக்கு டிங். என் மகளின் தோள் ஏறியது. திரையில் மூடிய உறை. ஓட்டுநர் வாலுவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க திறக்குறீங்களா, நான் திறக்கட்டுமா?" என்று கேட்டாள் ஓட்டுநர்.

"நான் திறக்கிறேன்" என்றாள் என் மகள். திறந்தாள். இந்த முறை வாய்க்குள் படிக்கவில்லை, சத்தமாகவே படித்தாள். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. விசாரணை முடியும்வரை குழந்தை தாயிடமே இருக்கும். விசாரணைக்கு நாலு வாரம் இருந்தது. அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுநர் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அம்மா, நசுக்காதே" என்றது வாலு.

ஓட்டுநர் நிமிர்ந்தாள்.

"வேற வக்கீலைத் தேட எனக்கு இப்போ தெம்பு இல்லை. ஆனா இனிமே எனக்கு வர்றது எனக்கும் வரணும். என் போன்லயும் அடிக்கணும். முடியுமா?"

முடியும். அதற்கு அந்தப் பெட்டியிலேயே ஓர் இடம் இருக்கிறதாம், கட்சிக்காரரின் எண்ணைப் போட. இத்தனை வருடத்தில் என் மகள் யாருக்கும் அதைப் போட்டதில்லை. போட்டாள். அன்று மாலை உட்கார்ந்து, மற்ற கட்சிக்காரர்கள் எல்லாருடைய எண்ணையும் போட்டாள். இப்போது டிங் என்றால் அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்பதில்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். தோள் இன்னும் ஏறுகிறது. ஆனால் காலையில் டீக்கு முன்னால் எல்லா உறையையும் திறக்கிறாள். மற்ற வக்கீல்கள் சிரிக்கிறார்களாம், பத்து நாளைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாயே என்று. நான் டீயோடு பின்னால் நின்று மேலிருந்து கீழே பார்ப்பேன், ஏதாவது மூடியிருக்கிறதா என்று.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன், ஒரு காலையில், பாத்திரம் துலக்கிக்கொண்டே. "எனக்கும் பயம்தாண்டி" என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்று, கழுவின தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள். விசாரணை அடுத்த செவ்வாய். ஓட்டுநர் விடுப்புச் சொல்லியிருக்கிறாள். வாலுவின் அந்தத் துணிப்பெட்டி இன்னும் அவள் வீட்டில் கட்டியபடியே இருக்கிறதாம், பிரிக்க மனம் வரவில்லையாம்.